அசைய வேண்டிய கல்

செவ்வாய்க்கிழமை
மின்பிரிவு அறை

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிற இருபத்தாறு வயதுப் பெண்ணை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வாய் பழகிவிட்டது. இங்கே இருவரும் சௌகரியமாக இருக்கிறோம். எனக்கு முதுகுவலி விட்டது. அம்மாவும் நன்றாக இருக்கிறாள். உன்னைக் கேட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் உனக்குப் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

மிதித்தால் மின்சாரம் தரும் உங்கள் கம்பெனிக் கற்கள் நேற்று வந்து சேர்ந்தன. முதல் நடைமேடைக்கும் இரண்டாவதற்கும் நடுவே இருக்கும் சுரங்கப்பாதையில் பதிக்கப்போகிறார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு. பெட்டிகளைப் பிரித்து எண்ணி எடுத்தவன் நான்தான். இந்த ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒயர் இழுக்கிறேன், இப்படி ஒரு சரக்கு வந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு. 'சோதித்தவர்' என்று அச்சடித்த இடத்தில் உன் கையெழுத்து. ஒரு சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். "இன்னும் கோழி கிளறின மாதிரிதான் எழுதுறா" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

கல்லுக்கு அடியில் இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும் வில்லை என்று நீ போனில் சொன்னபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. அடுப்பு பற்ற வைக்கிற லைட்டரில் இருப்பதும் அதன் ஒன்றுவிட்ட தம்பிதான் என்றாய் அல்லவா? அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியவில்லை. நம் வீட்டு லைட்டரைப் பிரித்துப் பார்த்தேன். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளையாக ஒன்று. அதன் தலையில் ஒரு சின்னச் சுத்தியல் வந்து 'டக்' என்று அடிக்கிறது. விரலைத் தள்ளி வைக்க மறந்துவிட்டேன். சுள்ளென்று ஒரு அடி. நான் கத்திய கத்தலில் அம்மா ஓடி வந்தாள். "இத்தனை வருஷமா கையில புடிச்சு அடுப்பு பத்த வைக்கிறேன், உள்ள இப்படி ஒன்னு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்று அவளும் குனிந்து பார்த்தாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் அதை அழுத்தி அழுத்தி விளையாடினோம். திரும்பப் பூட்டத்தான் தெரியவில்லை. புது லைட்டர் வாங்கியாயிற்று.

எனக்குச் சில சந்தேகங்கள். நடந்தால் மின்சாரம் வருகிறது, சரி. கல்லின் மேல் சும்மா நின்றால்? குண்டாக இருப்பவர் மிதித்தால் அதிகம் வருமா, வேகமாக நடப்பவர் மிதித்தால் அதிகம் வருமா? செருப்பு ரப்பராக இருந்தால் குறையுமா? நேரம் கிடைக்கும்போது பதில் போடு. அதற்குள் நானே கண்டுபிடித்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதே.

கல் பதிக்க ரசமட்டம் வருகிறார். அவரை உனக்குத் தெரியாது. டைல்ஸ் போடுகிற கொத்தனார். தரை மட்டம் பார்க்கிற ரசமட்டக் கட்டை இல்லாமல் டீ குடிக்கக்கூட வெளியே போகமாட்டார், அதனால் இந்தப் பெயர். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். உன் கற்கள் நல்ல கையில்தான் இருக்கின்றன.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா


வெள்ளிக்கிழமை
மின்பிரிவு அறை

அன்பு மகளுக்கு,

இதைக் கையால் எழுதிப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன். தபாலில் வந்து சேர்வதற்குள் திறப்பு விழா முடிந்துவிடும்.

முதலில் நல்ல சேதி. என் சந்தேகங்களில் இரண்டுக்கு நானே பதில் கண்டுபிடித்துவிட்டேன். பதிப்பதற்கு முன்பே ஒரு கல்லை நடைவழியில் வைத்து மீட்டர் மாட்டிப் பார்த்தேன். கல்லின் மேல் நின்றால் ஒன்றும் இல்லை. கால் இறங்கும்போது மீட்டர் முள் துள்ளுகிறது, எடுக்கும்போது இன்னொரு தரம் துள்ளுகிறது. நடுவில் நீ எவ்வளவு நேரம் நின்றாலும் அது தூங்குகிறது. எடையைவிட நடைதான் முக்கியம் போலிருக்கிறது. சுமை தூக்குபவர் தோளில் மூட்டையோடு மெல்ல ஊர்ந்து போனார். முள் லேசாகத்தான் ஆடியது. பின்னாலேயே டிக்கெட் பரிசோதகர் அம்மா வந்தார். ஆள் ஒல்லி, ஆனால் யாரையோ பிடிக்கப் போகிற வேகம். முள் எகிறிவிட்டது. அவரை நான்கு தரம் நடக்கச் சொன்னேன். ஐந்தாவது தரம் கேட்டபோது "என்ன சார், நான் என்ன மாவு மிஷினா" என்று போய்விட்டார்.

இனி மற்றது. கற்கள் பதித்துப் பத்து நாள் ஆகிறது. பெட்டிச் சீட்டில் நீங்கள் போட்டிருக்கும் அளவில் நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை. ஒவ்வொரு காலடியும் அங்கே உன் திரையிலும் பதிவாகிறது என்றாயே, அப்படியானால் நீயும் பார்த்திருப்பாய். மூன்று முறை மாற்றி மாற்றி அளந்தேன். பாட்டரியைச் சந்தேகப்பட்டேன், ஒயரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கண்ணாடியையும் சந்தேகப்பட்டுத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எண் மாறவில்லை.

நேற்று தரையில் மண்டி போட்டு, ஒரு கல்லின் ஓரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. கல்லைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியில் ரசமட்டம் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார். அடிப்பக்கமும் கெட்டிக் கலவை. கல் ஒரு மயிரிழைக்கு மேல் அசையவில்லை. இவ்வளவு இறுகிய கல்லுக்கு அடியில் வில்லை எப்படி முழுசாக அழுந்தும்? அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, முப்பது வருஷமா தரை போடுறேன். என் கல்லு ஆடுதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. ஆடுற கல்லு போடுறவன் கொத்தனாரா?" என்றார். ஆட வேண்டிய கல் இது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. குறிப்புத் தாளில் இருந்திருக்கிறது. அந்தத் தாள் நிலைய மேலாளர் அறையில் இருந்திருக்கிறது.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவே இல்லை. "திறப்பு விழா திங்கட்கிழமை. பெரிய ஆளுங்க வர்றாங்க. பேசாம நம்ம லைன்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து விளக்குல குடுத்துடுங்க. ஒரு நாள் எரிஞ்சா போதும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். எனக்குத் தெரியும் சார் என்றேன். அதற்கு அவர் சொன்னதைத்தான் மூன்று தரம் எழுதி மூன்று தரம் அடித்தேன். எழுதிவிடுகிறேன். "உங்க பொண்ணு கம்பெனி விற்பனை ஆளே இதைத்தான் சொன்னாரு. எல்லா ஊர்லயும் முதல் நாள் இப்படித்தான் செய்வாங்களாம்" என்றார்.

சுரங்கப்பாதை வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள். 'இப்பாதை முழுவதும் உங்கள் காலடியால் ஒளிர்கிறது' என்று ஆள் உயர எழுத்து. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கற்களைச் சரியாகப் பதித்து, எல்லாரும் பரிசோதகர் அம்மா மாதிரி நடந்தாலும், அந்த நாற்பது குழல் விளக்குகள் சில நிமிடங்கள்தான் எரியும். படிக்கட்டு ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்குகள் எட்டும் வேண்டுமானால் சாயங்காலம் மூன்று மணி நேரம் எரியலாம். என் கணக்கு தப்பா?

உனக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன். தெரியும் என்று நீ சொன்னாலும் நான் ஒயர் இழுக்கமாட்டேன். நீ அதற்காக வருத்தப்படுவாயோ, உன் வேலைக்கு ஏதாவது ஆகுமோ என்று மட்டும்தான் யோசனை. பதிலைச் சீக்கிரம் அனுப்பு.

அப்பா


வியாழக்கிழமை
மின்பிரிவு அறை

என் தங்கத்துக்கு,

அன்றைக்கு நீ போன் செய்தபோது நான் ஏணி மேல் இருந்தேன். அதனால்தான் சரியாகப் பேச முடியவில்லை. "அப்பா, ஒயர் இழுக்காதீங்க. அந்தப் பலகை எழுதினது நாங்க இல்ல, ஆனா வர்ற அளவு எனக்குத் தெரியும். நானே மேலாளருக்கு எழுதுறேன்" என்று நீ சொன்னதும் எனக்குக் கீழே இறங்க வேண்டும் போலிருந்தது. இறங்கி உட்கார்ந்துகொண்டேன்.

உன் கடிதம் சனிக்கிழமை காலையில் மேலாளருக்கு வந்துவிட்டது. வரும் அளவு இவ்வளவுதான், இதற்கு மேல் சொன்னால் அது உண்மையல்ல, கீழே உன் பெயர். படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது ஆறுதல் எழுதியிருக்குமோ என்று பார்த்தவர் மாதிரி. எழுத்தில் வந்துவிட்ட பிறகு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டார். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. பரவாயில்லை. உன் தலைமை அதிகாரியும் உன்னிடம் பேசவில்லை என்றாய். நாம் இருவரும் ஒரே படகில் இருக்கிறோம். உனக்கு அங்கே ஏதாவது சங்கடம் வந்தால் மறைக்காதே. உன் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சுரங்கப்பாதையை அடைத்துவிட்டு ரசமட்டமும் நானும் உட்கார்ந்தோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒவ்வொரு கல்லாகச் சுற்றியிருந்த சிமென்டைச் சுரண்டி எடுத்தோம். அடிக்கலவையை அவர் உளியால் கொத்தினார். தன் வேலையைத் தானே உடைக்கிறவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் நான்கு கல்லையும் தலை நிமிராமலே பதித்து நகர்ந்தார். ஐந்தாவது கல்லை ரப்பர் விளிம்பு வைத்துப் பதித்து, மேலே ஏறி நின்று மெல்லக் குதித்தார். மீட்டர் முள் கடைசி வரை போய்த் திரும்பியது. இன்னொரு தரம் குதித்தார். "அண்ணே, இது நான் குதிச்சதுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு குதி. ஐம்பத்து மூன்று வயது. சாயங்காலம் முட்டி பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை விழா நடந்தது. குழல் விளக்குகள் எப்போதும் போல லைனில்தான் எரிந்தன. எட்டுப் படி விளக்குகள் மட்டும் உன் கற்களால் எரிந்தன. அதைத்தான் புதுப் பலகையில் எழுதியிருக்கிறோம், பெரிய எழுத்தில்லை. வந்த பெரியவர் ஒருவர் "இவ்வளவுதானா?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன், இவ்வளவுதான் சார், ஆனா நிஜம் என்று. அவர் ஒரு கல்லின் மேல் ஏறி இறங்கிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து இன்னொரு தரம் ஏறினார். ஜனங்களும் அப்படித்தான். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூடக் கீழே ஒரு பார்வை பார்த்து, காலை அழுத்தி வைத்துவிட்டு ஓடுகிறார்கள்.

இனி சொல்லப்போவதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

திங்கட்கிழமை இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டாள், "அந்தக் கல்லுல நடந்தா அவளுக்கும் தெரியுமாமே?" என்று. ரசமட்டத்தின் சம்சாரம் சொல்லியிருக்கிறாள். தெரியும், ஒவ்வொரு காலடியும் அவள் திரையில் ஒரு கோடாக எழும் என்றேன். யார் நடந்தார்கள் என்று தெரியுமா என்றாள். அது தெரியாது என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று நீ கிளம்பிப்போன வாரத்தில் அச்சாகி வந்த உன் பத்திரிகைக் கட்டு இன்னும் அலமாரி மேல்தட்டில்தான் இருக்கிறது. அவள் எடுத்துப் போடவும் மாட்டாள், என்னை எடுக்கவும் விடமாட்டாள். அதனால் நானும் பேச்சை வளர்க்கவில்லை.

மறுநாள் மதியம் நான்கு மணி இருக்கும். அந்த நேரத்தில் ரயில் கிடையாது, பாதை காலியாக இருக்கும். பேனல் பெட்டியில் மிதிபடும் கல்லின் எண் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் கல்லிலிருந்து நாற்பத்தெட்டு வரைக்கும், பிறகு நாற்பத்தெட்டிலிருந்து முதல் கல் வரைக்கும். ஏதோ கோளாறு என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். உன் அம்மா நடந்துகொண்டிருந்தாள். கையில் காலிப் பை. நமக்குக் காய்கறிக் கடை இந்தப் பக்கம்தான், தண்டவாளத்தைத் தாண்டி அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு கல்லையும் விடாமல், ஒவ்வொன்றிலும் காலை நன்றாக ஊன்றி ஊன்றிப் போனாள், வந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். இருபது நிமிடம். நேற்றும் வந்தாள். இன்றைக்கும் இப்போதுதான் போனாள்.

உன் திரையில் இந்த மூன்று நாளும் நான்கு மணி வாக்கில் வந்த கோடுகளை எடுத்துப் பார். ஒரே ஆளின் நடை. இடது கால் கொஞ்சம் அழுத்தமாக விழும்.

நடந்து முடித்து நாலரைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடுகிறாள். எனக்கு இந்த வாரம் முழுக்க எட்டு மணி வரை வேலை. ஐந்து மணிக்கு வீட்டில் போன் அடித்தால் எடுக்க அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்காதே. அடித்துவிடு, வாலு.

உன்
அப்பா