போன வருஷத்துத் தார்

மண்ணெண்ணெய் வாடை இன்று என்னை உன்னிடம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் மண்ணெண்ணெயும் பழந்துணியும் ஒரு வாளி வெந்நீருமாக உட்கார்ந்திருந்தேன். பால்குடம் எடுத்துவிட்டு உன் மகள் பத்துமலையிலிருந்து வெறுங்காலோடு வந்தாள். அவள் குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டு. காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

உனக்கும் அங்கேதான் இருந்தது. தைப்பூசத்துக்குக் கிள்ளானிலிருந்து வருவாய். சிநேகிதிகள் இருவரும் சேர்ந்து நடந்து திரும்பியதும், உன் காலை மடியில் போட்டு ரோட்டுத் தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுப்பேன். ஒரு வருஷம் ஒரு பொட்டு மட்டும் போகவில்லை. "விடுடி, தோலு உரியுது லா. தானா போயிரும்," என்றாய்.

அடுத்த வருஷம் அது ஐம்பது காசு அளவுக்கு வளர்ந்திருந்தது. ஓரமெல்லாம் கோணல்மாணல். "போன வருஷத்துத் தார் இன்னுமா போகல? குளிக்கிறியா இல்லியா?" என்று கேலி செய்தவள் நான்தான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும் தார் எங்கேயாவது உண்டா? ஒருத்திக்கும் தோன்றவில்லையே!

ரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சதையைக் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர், "மெலனோமா. தோல் கேன்சர், வேகமா பரவுற வகை," என்றார்.

"அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றது இல்லியா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நமக்கும் வரும்மா. உள்ளங்கால்ல, நகத்துக்கு அடியில வரும். எப்போலருந்து இருக்கு?"

நீ என்னைப் பார்த்தாய். "ரெண்டு தைப்பூசமா," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியதைக்கூட, நடந்த வலி என்று தைலம் தேய்த்திருந்தோம். அதற்குள்ளும் நோய் போயிருந்தது. அடுத்த தைப்பூசத்துக்கு நீ இல்லை. ஒரு குதிகால் பொட்டு ஆளையே கொண்டுபோகும் என்று இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

"தார்தான் ஆன்டி," என்றாள் உன் மகள். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். மங்கியது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கறுப்பெல்லாம் துணியில் இறங்கி, குதிகால் சிவந்து தெரிந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஏன் அழறீங்க ஆன்டி? போயிருச்சுல்ல?"

போய்விட்டதுதான். அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் இன்னும் மண்ணெண்ணெய் வாடை. இனி யார் காலில் போகாத கறுப்பைப் பார்த்தாலும் மறுநாளே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவேன். உன்னிடம் மட்டும் சிரித்துவிட்டேனடி.