உன் வாசலுக்கு ஓரம் கட்டினேன்

மச்சி,

எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையை விட்டுச் சிமெண்ட் வாசம் போகமாட்டேன் என்கிறது. உன் வீட்டுச் சிமெண்ட். கேட்டிலிருந்து படி வரைக்கும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட பேவர் பிளாக் தரைக்கு, நீ இல்லாமல் தனியாக ஓரம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். இடுப்பு கழன்றுவிட்டது. அலுப்பாக இருக்கிறது, எல்லாமே.

பழைய ஓரம் எங்கே போயிற்று என்று கேட்பாய். உன் சாவுக்கு வந்த பந்தல்காரர்கள் பெயர்த்துவிட்டார்கள். பந்தல் கால் நட இடம் தேடி, ஓரக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி, அதை அணைத்திருந்த காங்கிரீட்டையும் உடைத்துக் குழி தோண்டினார்கள். நீ உள்ளே ஃப்ரீசர் பெட்டியில் படுத்திருந்தாய். சாவு வீட்டில் கல்லைப் பற்றி எவன் பேசுவான்?

நீயாக இருந்தால் பேசியிருப்பாய். ஆழ்வார்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டில், முந்தின நாள் நாம் கட்டிய ஓரத்தில் பந்தல்காரன் கடப்பாரையை வைத்ததும், அதன்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாயே. "நடுவுல ஒரு கல்லு போனா இன்னா, வேற போட்டுக்கலாம். ஓரத்துல கைய வெச்சன்னா அல்லாம் நவுந்துக்கினு போய்டும் நைனா" என்றாய். பெண்ணின் அப்பா கத்து கத்தென்று கத்தினார். நீ எழுந்திருக்கவில்லை. கடைசியில் பெயிண்ட் டிரம்களில் மண்ணை நிரப்பி அதில் பந்தல் காலை நிறுத்தினார்கள். எனக்கு மானம் போயிற்று. சிரிப்பும் அடக்க முடியவில்லை.

உன் வாசலிலும் நீ சொன்னபடிதான் ஆனது. ஓரம் போன பிறகு கற்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகின. மழையில் அடிமணல் கரைந்தது. போன வாரம் உன் மனைவி ஸ்கூட்டரோடு சாய்ந்து விழுந்துவிட்டாள். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "ஒருதடவ வந்து பாருங்கண்ணா" என்று போன் செய்தாள். விலகிய கற்களை எடுத்து, மணல் பரப்பி, திரும்ப அடுக்கி, ஓரத்துக்குக் காங்கிரீட் அணைத்தேன். அது இறுகும்வரை யாரையும் மிதிக்கவிடவில்லை.

இன்று காலை அவள் ஸ்கூட்டரை வெளியே எடுத்தாள். ஒரு கல்கூட அசையவில்லை. கிளம்பிவிடுவாள் என்று பார்த்தால், கேட்டருகே வண்டியை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஒவ்வொரு தடவ வண்டி ஆடும்போதும், அவரு வந்து சரி பண்ணிடுவாருன்னு தோணும்ணா. இனிமே அதுவும் தோணாது."

"பார்த்துப் போம்மா" என்றேன்.

எனக்கு இன்னும் தோணிக்கொண்டுதான் இருக்கிறது மச்சி. நாளைக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை. ஓரத்துக்கு நூல் கட்டும்போதெல்லாம், நீ பிடித்துக்கொண்டிருந்த மறுமுனையில் இப்போது வெறும் ஆணிதான் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் பார்த்து, "இழுத்துப் புடிடா" என்று கத்துகிறேன்.