எலக்ட்ரானின் அண்ணன்மார்

மார்ச் 4
நான் வேலை பார்க்கும் எடைமேடையில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. டிரைவர்களுக்குப் பொழுது போகட்டுமென்று இயற்பியல் சொன்னேன். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான். கூட்டிப் பார்த்தால் பத்தாவது. எலக்ட்ரானுக்கு அச்சு அசலாக இரண்டு அண்ணன்கள். எடை மட்டும்தான் வேறு. ஒருவன் இருநூறு மடங்கு கனம், மூத்தவன் மூவாயிரத்துக்கும் மேல். ஏன் என்று உலகத்தில் எவனுக்கும் தெரியாது, என் வீட்டில் இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்கிற என் அக்கா மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்றேன். கண்டுபிடிக்கப் போகிறாள் என்பதைக் கொஞ்சம் முன்னால் இழுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

மார்ச் 9
"மாமா, என்னத்த சொல்லி வச்சிருக்கீங்க? பஸ்ல யாரோ ஒரு லாரி டிரைவர் எனக்குக் கைகுடுக்கிறார்." திட்டிவிட்டுச் சிரித்தாள். அவள் கணக்கு சரியென்றால் புதுத் துகள் ஒன்று இருந்தாக வேண்டுமாம். வெளிநாட்டில் துகள்களை மோதவிடுகிற பெரிய மெஷினில் தேடுகிறார்கள். கிடைத்தால் ஆராய்ச்சி வேலை நீடிக்கும். கிடைக்காவிட்டால் — அதை நான் கேட்கவில்லை. டிரைவர்களைக் கூட்டி அவளுக்குப் பாராட்டு விழா எடுக்க நாற்காலிக்குச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 17
துகள் இல்லையாம்.

மார்ச் 18
அவள் அறையில் சாப்பாடு வைத்தது வைத்தபடி இருக்கிறது. கதவருகே நின்று யோசனை சொன்னேன்: "பாகு மாதிரி எங்கயும் ஒண்ணு பரவியிருக்கு, அதுல ஒட்டுறவனுக்குத்தான் எடைன்னு நீதானே சொன்ன? அதையே பதிலா எழுதிக் குடுத்துடேன்."
"ஒருத்தன் மேல ஏன் அதிகமா ஒட்டுது, இன்னொருத்தன் மேல ஏன் கொஞ்சமா ஒட்டுது? அதான் மாமா கேள்வியே. வருஷக்கணக்கா அதான்."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னத்த சொல்லித் தேத்துறது இந்தப் பிள்ளைய? ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுறேன், இவகிட்ட ஒரு வார்த்தை வர மாட்டேங்குது.

மார்ச் 22
விழாவை நிறுத்த எனக்கு முகமில்லை. அவளே வந்தாள். எழுந்து நின்று, "என் கணக்கு தப்பாயிடுச்சு" என்றாள். எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் டிரைவர்கள் அப்போதே தட்டிவிட்டார்கள். பலமாகத் தட்டினார்கள். நானும் தட்டினேனா? தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 23
எனக்கு முன்னால் எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மே 2
இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். எந்த வயசுக்காரர் எத்தனை நாள் இருப்பார் என்று கணக்குப் போடுகிற வேலை. "கஷ்டமாம்மா?" என்றேன். "இல்ல மாமா. இங்க எல்லாத்துக்கும் விடை இருக்கு."

மே 6
புது டிரைவர் ஒருவர், "அண்ணே, வீட்டுல ஒரு பொண்ணு இருக்காமே, என்ன பண்ணுது?" என்றார்.
"ஆபீஸ் வேலை" என்றேன்.
வண்டியை மேடையில் ஏற்றச் சொன்னேன்.