சாவிக்காரரின் நெற்றி

ஜூன் 6, வியாழன்

அரண்மனைச் சித்திரசாலையில் ஈரப்பதம் கூடுதல். ஜன்னல்களைச் சாத்தினேன். சாவிக்காரர் படத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் தூசி தட்டினேன். எங்கோ ஓர் ஐரோப்பிய ராஜாவின் ஓவியங்களைக் காத்தவர். இருட்டிலிருந்து பாதி முகமும், சாவிக்கொத்து பிடித்த கையும் மட்டும் வெளியே வருகின்றன. முந்நூறு வருஷத்து எண்ணெய் வண்ணம். நெற்றியில் விழும் அந்த ஒளிக்காகத்தான், கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இங்கே சம்பளமில்லாக் காப்பாளராக இருக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

அந்த நெற்றியில் சந்தனம்! நடுவில் குங்குமம். மரச்சட்டத்தில் ஆணி அடித்து மாலை. கீழே குத்துவிளக்கு. டிரஸ்ட் செயலாளர் முருகதாஸின் ஏற்பாடு. அரண்மனைக் குடும்பத்தின் மூத்த காரணவர், யாரோ முன்னோர், என்று நினைத்துவிட்டார்.

"இத்தன வருசமா வெறும் நெத்தியோட நிக்காரு. நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திய, சார்."

இவர் காரணவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "நல்லது" என்று வந்தது. என்ன நல்லது?

ஜூன் 8

சொல்லியிருக்க வேண்டியது: ஈரம் படக் கூடாது. புகை படக் கூடாது. வார்னிஷ் ஏற்கெனவே வெடித்திருக்கிறது. இதையெல்லாம் வீட்டில் உரக்கச் சொன்னேன். மனைவி தாணம்மாள் முறத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"சாம்பாருல உப்பு கூடினா எங்கிட்ட என்னா சத்தம் போடுவிய! அத அங்கன போயி போடுங்க."

போகவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பழைய சந்தனத்தை ஈரத்துணியால் தேய்த்தெடுத்துப் புதிதாக இட்டிருக்கிறார்கள். செயலாளர் சொன்னபடி துடைத்தவள், பெருக்க வருகிற பிரீனா. துணியைக் காட்டினாள்.

"எம்மா அழுக்கு, பாருங்க சார்."

அழுக்கு இல்லை. நெற்றி. துணியில் வந்திருப்பது நெற்றி. படத்தில் கித்தானின் நூல் தெரிகிறது.

கத்தினேன். பிரீனா அழுதாள். முருகதாஸ் உள்ளே வந்ததும் என் குரல் அடங்கிவிட்டது. பெருக்குகிறவளிடம் மட்டும் வருகிற கோபம் — அது என்ன கோபம்? தூ.

ஜூன் 15

காலையிலேயே முருகதாஸ் வீட்டு வாசலில் நின்றேன்.

"அவரு ஒங்க காரணவரும் இல்ல, ராஜாவும் இல்ல. சம்பளத்துக்குப் படம் காத்த ஆளு. கையில இருக்கது செங்கோல் இல்லவே, சாவி!"

மரியாதையில்லாமல் 'வே' என்று நானா சொன்னேன்? அவர் சிரித்தார்.

"ஆரா இருந்தா என்ன சார்? ஆளுவ கும்பிடத் தொடங்கியாச்சு. இனி நிறுத்த முடியாது."

உண்மைதான் போலும். கும்பிடுவதற்கு அதே அளவில் படத்தின் போட்டோ ஒன்றை வைக்கலாமே என்றேன். போன வருஷம் நான் எடுத்தது இருக்கிறது.

"கண்ணாடி போட்டா தொடைக்க வசதியாக்கும்" என்று சம்மதித்தார்.

பிரீனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போட்டு, விடுங்க சார்" என்றாள். முகம் பார்க்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

போட்டோவுக்கு மாலை, விளக்கு, நல்ல கூட்டம். அசலைத் துணி சுற்றி உள்ளறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. தாணம்மாளும் போய்க் கும்பிட்டு வந்தாள். "இப்பதான் மொகம் பளிச்சுனு இருக்கு" என்கிறாள்.

இருக்கும். அந்த நெற்றி முழுதாக இருப்பது இப்போது அந்தப் போட்டோவில் மட்டும்தான். அதன்மேல் சந்தனம்.