குப்பியில் எழுதியிருந்தது

உத்தனப்பள்ளி,
ஞாயிறு.

அன்புள்ள ஜாக்சனுக்கு,

ஹரீஷ்குமார் எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கண் கட்டைப் பிரிக்கும்வரை நீ எதையும் படிக்க முடியாது என்றார்கள். சாராள் அக்கா, நீங்கள்தான் தம்பிக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய ஒரே வாரத்தில் எங்கள் ஆடுகள் ஆறும் செத்துப்போயின. ஆடு வளர்த்து ஊசி போட்டு ரத்தம் எடுக்கும் உங்கள் ஊசிக் கம்பெனிக்காரன்தான் எதையோ வைத்துவிட்டான் என்று ஊரே பேசியது. சனிக்கிழமை மதியம் கம்பெனி ஆட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து நீ பெட்டியோடு வந்தாய். ஊர்க்காரர்கள் உன் வண்டியை மறித்தார்கள். தெர்மாகோல் பெட்டியை உடைத்ததும் சின்னச் சின்னக் குப்பிகள் தார் ரோட்டில் உருண்டன. அப்பா ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "டேய், நீ படிச்சவன்தானே, என்ன எழுதியிருக்குதுன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லு" என்றார்.

'ஆன்டி ஹ்யூமன் சி3' என்று இருந்தது. "மனுசனுக்கு எதிரானது" என்றேன். கீழே இருந்த வரியையும் சொன்னேன்: "மனுசனுக்குப் போடக் கூடாது." அடுத்திருந்த 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்பதைப் படிக்காமல் அதோடு நிறுத்திவிட்டேன்.

எனக்கு அர்த்தம் தெரியாதா? மூக்கண்டப்பள்ளி அறையில் ஒன்றாக இருந்த இரண்டு வருடமும் இதைத்தானே ஓயாமல் சொல்வாய். மனித ரத்தத்தில் சி3 என்று ஒரு புரதம் இருக்கிறது, கிருமியைக் கண்டால் ஒட்டிக்கொண்டு ஆள் சேர்த்து அடிக்கும், சில சமயம் சொந்த உடம்பையே அடித்துவிடும் என்பாய். அதைத் தேடிப் பிடித்துக் காட்டத்தான் ஆட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் இந்த ஆன்டிபாடி, ஆராய்ச்சிக்கு மட்டும் என்பாய். அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னையும் அடிப்பார்களோ என்று பயந்தேன். நான் கோழை, ஜாக்சன்.

"கொட்டண்ட்ரா" என்று, அடிக்கச் சொல்லி யாரோ தெலுங்கில் கத்தினான். உன் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே மண்டையில் அடித்தார்கள். விழுந்த பிறகும் விடவில்லை. அப்பா உன் வலது கையை மிதித்தார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. யாரோ எறிந்த ஜல்லிக்கல் உன் கண்ணைத் தாக்கியபோது நீ, "ஹரீஷ், நீயாவது சொல்லுடா" என்று கத்தினாய். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்தபடி நின்றேன்.

செத்த ஆடுகளைப் பார்த்த கால்நடை டாக்டர் ஆட்டுக்கொல்லி நோய் என்று சொல்லிவிட்டார். அப்பா இன்னும் நம்பவில்லை.

போலீஸ் பிடித்தது வெங்கட்டை. டீக்கடையிலிருந்து ஓடிவந்து உன் மேல் குப்புற விழுந்து அடியைத் தடுத்தவன் அவன் ஒருவன்தான். சட்டையெல்லாம் உன் ரத்தம். அதைக் காட்டியே கூட்டிப் போனார்கள். நீயோ யார் முகமும் ஞாபகம் இல்லை என்று சொன்னாயாம். என் பெயரைச் சொல்லிக் கத்தியவன் நீ. எனக்காகத்தான் அப்படிச் சொன்னாய் என்றால், வேண்டாம்டா.

ஸ்டேஷன் வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். அதனால்தான் போனில் பேசாமல், சாட்சியாக இருக்கட்டும் என்று என் கைப்பட எழுதுகிறேன். குப்பியைப் படித்தவன் நான். கையை முறித்தவர் என் அப்பா நாராயணப்பன். வெங்கட் யாரையும் அடிக்கவில்லை.

உன் கண் பிழைக்க வேண்டும் என்று உங்கள் ஆண்டவரிடமும் எங்கள் சாமியிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அக்கா, இதை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் படிக்கச் சொன்னால், என்னைப் போலப் பாதியில் நிறுத்தாதீர்கள். அப்பா பெயர் வரும் இடத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரிப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஹரீஷ்குமார்,
த/பெ நாராயணப்பன்.