மேட்டிலிருந்து இறங்காதே

ஜூலை 6, 2011, புதன். மர்டன் ஃபால்ஸ், அயோவா

பஸ்ஸில் எட்டு மணி நேரம். பக்கத்து வரிசையில் ப்ரூயிட். சூரியகாந்தி விதையை மென்று மென்று தோலை என் ஷூ மேல் துப்பிக்கொண்டே வந்தான். ஒரு தடவை தவறி விழுந்தால் போகட்டும். இருபது தடவையா? காலை இழுத்துக்கொண்டால் அங்கேயும் குறிபார்த்துத் துப்புகிறான்.

டால்டன் ப்ரூயிட் எங்கள் கேட்சர். மட்டையாளனுக்குப் பின்னால் குந்தியிருந்து நான் வீசும் ஒவ்வொரு பந்தையும் பிடிப்பவன். எந்தப் பந்து வேண்டும் என்று தொடை இடுக்கில் விரல் காட்டுபவனும் அவன்தான். ஒரு விரல் வேகப்பந்து, இரண்டு விரல் வளைபந்து. ஆக, என் பிழைப்பு அவன் விரல் நுனியில். கடவுளே, நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கோத்துவிட்டாய்!

"ஏன்டா, இத்தாலில பேஸ்பால்லாம் ஆடுவாங்களா?" இன்றைக்கும் கேட்டான். மூன்று மாதமாக இதே கேள்வி. எங்கள் நெத்தூனோவில் அப்பாவே பதினாறு வருஷம் ஆடினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஊரே மைதானத்தில்தான் இருக்கும். சொல்லி என்ன? கேட்கிறவனுக்குப் பதில் வேண்டாம், சிரிப்பு வேண்டும்.

இறங்கியதும் ஸ்கிப் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். (மேனேஜர் விக்கர்ஷமை எல்லோரும் ஸ்கிப் என்றுதான் கூப்பிடுகிறோம்.) "மாசக் கடைசிக்குள்ள பந்து வீசுறவங்கள்ல ஒருத்தன் மேல் லீக்குக்குப் போவான். ஒருத்தன் வீட்டுக்குப் போவான். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

நான் வீட்டுக்குப் போகமாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

ஜூலை 9, சனி

என்ன ஜென்மங்கள் இவர்கள்!

வார்ஸன் அணியோடு ஆட்டம். நாலாவது இன்னிங்ஸில் வியர்வையில் பந்து வழுக்கி அவர்கள் ஆள் ஒருவனின் முதுகில் பட்டுவிட்டது. அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். நான் பந்து வீசும் மேட்டைவிட்டு இறங்கிப் போய், தோளைத் தொட்டு, "மன்னிச்சுக்கோ, வேணும்னு போடல" என்றேன். அவ்வளவுதான். அந்த ஆளே என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

இன்னிங்ஸ் முடிந்து பெஞ்சுக்கு வந்தால் ப்ரூயிட் எழுந்து இடுப்புவரை குனிந்து வரவேற்கிறான். "வாங்க போப்பாண்டவரே! பாவமன்னிப்பு குடுத்து முடிச்சாச்சா?"

பெஞ்ச் முழுக்க ஒரே சிரிப்பு. ஸ்கிப் மட்டும் சிரிக்கவில்லை. "இங்க பாருப்பா. அந்த மேடு உன்னோடது. பந்து எவன் மேல பட்டாலும் நீ அங்கயே நிக்கணும். இறங்கினா, நீ பயந்தாங்கொள்ளின்னு அர்த்தம். உன்னால நாங்க எல்லாரும் பயந்தாங்கொள்ளி."

நெத்தூனோவில் ஞாயிறன்று நான் அடித்தவன் திங்களன்று எனக்கு முகச்சவரம் செய்பவன். மன்னிப்புக் கேட்காமல் அவன் கத்திக்குக் கீழே எவன் தொண்டையைக் காட்டுவான்? இதை இவர்களுக்கு எந்த மொழியில் சொல்லிப் புரியவைப்பது?

ஜூலை 10, ஞாயிறு

என் லாக்கரில் வெள்ளைத் துண்டும் ஒரு சிலுவையும். எவனுக்கும் வேறு வேலை இல்லை.

ஜூலை 13, புதன்

வார்ஸன்காரர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள். முதல் இன்னிங்ஸிலேயே ரடாமெஸைக் குறிவைத்துப் பந்தால் விலாவில் அடித்தார்கள். ரடாமெஸ் என் அறைத்தோழன், டொமினிக்கன். சமைத்தால் எனக்கும் ஒரு தட்டு எடுத்துவைக்கிற ஒரே ஆள். விலா எலும்பில் கீறல், ஒரு மாதம் ஆடமுடியாதாம்.

ப்ரூயிட் என் முகத்துக்கு நேராக வந்து நின்றான். வாயில் விதை வேறு. "இது உன் வேலைடா போப்பு. நீ போய்க் கெஞ்சினதாலதான் நம்ம ஆள் மேல கை வச்சானுங்க. நாளைக்கு நீதானே வீசுற? அவனுங்க முதல் ஆளையே அடிக்கிற. நான் விரல் காட்டுவேன், நீ அடிக்கிற. அவ்ளோதான்."

ரடாமெஸ் படுக்கையில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு கிடந்தான். அடி என்று அவன் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நாளைக்கு உன் முறைதானே?" என்று மட்டும் கேட்டான்.

ஜூலை 14, வியாழன்

அடிக்கவில்லை.

மேல் லீக்கிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வைக்கோல் தொப்பி, கையில் பந்தின் வேகம் அளக்கும் கருவி. வேண்டுமென்று அடித்தால் நடுவர் அந்த நிமிஷமே வெளியே அனுப்பிவிடுவார். அந்தத் தொப்பிக்காரர் என்னத்தைப் பார்ப்பார், நான் படியிறங்கிப் போவதையா?

முதல் மட்டையாளன் வந்தான். ப்ரூயிட் கட்டை விரலை அவன் பக்கம் சுண்டினான். அவனை அடி என்று அர்த்தம். தலையை ஆட்டி மறுத்தேன். மறுபடி சுண்டினான். மறுத்தேன். மூன்றாவது தடவை எழுந்து மேட்டுக்கே வந்துவிட்டான்.

"செவிடா நீ?"

"எனக்கு அவனை அவுட்டாக்கணும்."

"உனக்கா? உன் ரூம்காரன் விலா உடைஞ்சு கெடக்கான், உனக்கு உன் கணக்குத்தான் பெருசா?"

"போய் உக்காரு ப்ரூயிட்."

மூன்று பந்தில் அவுட்டாக்கினேன். இன்றைக்கு மொத்தம் ஒன்பது பேர். ஜெயித்தோம். எவனும் கை கொடுக்கவில்லை.

சரி, நான் புனிதனா? இல்லை. என் பிழைப்பைப் பார்த்துக்கொண்டேன். அதோடு ப்ரூயிட் சொல்லி நான் ஒன்றைச் செய்வதா? வேறு யாராவது கேட்டிருந்தால் ஒருவேளை அடித்திருப்பேன். இதை இங்கேதான் எழுதமுடியும்.

ஜூலை 15, வெள்ளி

ரடாமெஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்ற டொமினிக்கன் பையன்களின் அறைக்குப் போய்விட்டான். விலா வலியோடு தானே தூக்கினான். உதவிக்குப் போனேன், "வேணாம்" என்றான்.

ஜூலை 19, செவ்வாய்

மானம் போயிற்று. இரண்டே இன்னிங்ஸில் ஏழு ரன் கொடுத்துவிட்டேன்.

எதிரணிக்காரர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. வளைபந்து வரும்போதெல்லாம் மட்டையாளன் பொறுமையாகக் காத்திருக்கிறான். வேகப்பந்து வந்தால் முன்னாலேயே தயார். என் கையில் ஏதாவது காட்டிக்கொடுக்கிறதா? பிடியா? முழங்கையா? கண்ணாடி முன்னால் நின்று நூறு தடவை வீசிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஸ்கிப் என்னை வெளியே எடுக்க வந்தபோது ப்ரூயிட் முகமூடியைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

ஜூலை 20, புதன்

காலையில் ரடாமெஸ் வந்தான். வாசலிலேயே நின்றான். "உன்மேல எனக்குக் கோவம்தான். ஆனா இது தப்பு, அதான் சொல்ல வந்தேன். நேத்து ப்ரூயிட் வாயத் தொறந்து சொல்லிட்டு இருந்தான். 'வளைபந்து வருது, ரெடியா இரு'ன்னு மட்டைக்காரன் காதுல விழுற மாதிரி. பெஞ்சுல பாதிப் பேருக்குத் தெரியும்."

பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு உட்கார்ந்து விதை தின்றிருக்கிறார்கள்.

என் சொந்த கேட்சர்! என்னை விற்றுவிட்டான் பாவி! அவன் கையுறையைப் பார்த்துத்தானே வீசுகிறேன், அவனை நம்பித்தானே வீசுகிறேன் — வேறு எவனை நம்புவது அந்த மேட்டில்? ஸ்கிப்பிடம் போகலாமா? போனால் கோள்சொல்லி என்ற பட்டமும் சேரும். ரடாமெஸும் சாட்சி சொல்லமாட்டான்.

அப்பா போன் செய்தார். எல்லாம் பிரமாதம் என்றேன்.

ஜூலை 24, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது இன்னிங்ஸ். இடக்கை மட்டையாளன். ப்ரூயிட் இரண்டு விரல் காட்டினான். வளைபந்து, மெதுவாக, வெளிப்பக்கம், தாழ்வாக. நான் சரி என்று தலையை ஆட்டினேன். அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். மட்டையாளன் பின்காலில் சாய்ந்து காத்திருந்தான். அதையும் பார்த்தேன்.

வேகப்பந்து வீசினேன். உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் போட்டு, மறுபக்கம், ப்ரூயிட்டின் கையுறை மாட்டாத வலது கை இருக்கிற பக்கம்.

மட்டையாளன் துள்ளி விலகினான். ப்ரூயிட்டுக்கு விலக நேரமில்லை. மெதுவான பந்துக்கு உட்கார்ந்திருப்பவனால் என்ன செய்யமுடியும்? வலது கையைத் தூக்கினான். சத்தம் மேடுவரை கேட்டது.

தோளில் படட்டும் என்றுதான் நினைத்தேன். பொய். எங்கே பட்டாலும் சரி என்றுதான் நினைத்தேன்.

மண்ணில் மண்டியிட்டுக் கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கிடந்தான். நான் நின்றேன். இறங்கவில்லை. கால் இரண்டும் இறங்கத் துடித்தன, ஆனாலும் நின்றேன்.

ஸ்கிப் ஓடிவந்தார். "என்னடா ஆச்சு? ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலயா?"

ப்ரூயிட் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தமாதிரி இருந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் தப்பா விரல் காட்டிட்டேன் ஸ்கிப்" என்றான்.

அவனை உள்ளே கூட்டிப்போனார்கள். மாற்று கேட்சர் வந்தான். அதற்குப் பிறகு அவர்களால் ஒரு ரன்கூட எடுக்கமுடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஸ்கிப் முதுகில் தட்டினார். "பரவால்லடா. இன்னைக்கு இறங்காம நின்ன பாரு, இப்பதான் கத்துக்கிட்ட."

ஜூலை 25, திங்கள்

ப்ரூயிட்டின் கட்டை விரல் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. கம்பி வைக்கவேண்டுமாம். இந்த வருஷம் அவனுக்கு முடிந்தது. வயது இருபத்தாறு, இதே லீக்கில் மூன்றாவது வருஷம். அடுத்த வருஷம் எவனும் கூப்பிடமாட்டான்.

சந்தோஷப்பட்டேன். காலைச் சாப்பாடு வரைக்கும் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அப்புறம் முட்டை இறங்கவில்லை.

அவன் ஏன் அப்படிச் சொன்னான்?

ஜூலை 26, செவ்வாய்

எல்லோரும் என்னோடு பேசுகிறார்கள். ஒருவன் விதைப் பொட்டலத்தை நீட்டினான். வாங்கித் தின்றேன். த்தூ.

ஜூலை 27, புதன்

ப்ரூயிட் கிளம்புகிறான் என்று கேள்விப்பட்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். இடது கையால் மூட்டைகளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். வலது கை முழங்கைவரை கட்டு. உதவிக்கு ஒருவனும் இல்லை. அவனோடு சேர்ந்து சிரித்த அத்தனை பேரும் உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"ப்ரூயிட், நான்..."

"சொல்லாத."

"நீ எதுக்கு ஸ்கிப்கிட்ட அப்படி..."

"சொல்லாதன்னு சொன்னேன்ல? நீ உன்னதைச் சொன்னா, நான் என்னதைச் சொல்லணும். அதுக்கு எனக்குத் தெம்பில்ல."

என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். மாமனார் கூரை வேயும் தொழில் செய்கிறாராம், அங்கே போகிறானாம். "அதுக்கும் கட்டை விரல் வேணும், பாப்போம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கும் பதிலுக்குக் கோபப்பட ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

"இந்தக் கதவ மட்டும் சாத்திட்டுப் போ. ஒத்தக் கையால அழுத்த முடியல."

சாத்தினேன். முதல் தடவை சரியாக மூடவில்லை, திறந்து மறுபடி சாத்தினேன். வண்டி போய்விட்டது.

ஜூலை 30, சனி

ஸ்கிப் தன் அறைக்குக் கூப்பிட்டார். "பெட்டியக் கட்டு போப்பு. மேல போற."

நம்பமுடியவில்லை. பத்தொன்பதாம் தேதி ஏழு ரன் கொடுத்தேனே என்றேன்.

"அதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சுடா. அந்தத் தொப்பிக்காரர் பதினஞ்சாந் தேதியே உன்னக் கேட்டுட்டாரு. வார்ஸனோட நீ ஒம்போது பேர அவுட்டாக்கினியே, அன்னைக்கே. மேல இடம் காலியாகட்டும்னு காத்திருந்தாங்க. உன்கிட்ட சொன்னா தலைக்கனம் வந்துடும்னு நான்தான் வாயத் தொறக்கல."

பதினைந்தாம் தேதி.

அதாவது ப்ரூயிட் என்னை விற்றபோதும் என் இடம் பத்திரமாகத்தான் இருந்தது. நான் அவன் கையைப் பார்த்து வீசியபோதும் பத்திரமாகத்தான் இருந்தது. ஸ்கிப் கை நீட்டினார், குலுக்கினேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். ரடாமெஸ் வந்து கட்டிப்பிடித்து வாழ்த்தினான். விலாவைப் பார்த்து மெதுவாகத்தான் பிடித்தான்.

வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, வியாழன்

புது ஊர், புது அணி, முதல் ஆட்டம். ஜெயித்தோம். அப்பா போனில் அழுதுவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் புது கேட்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெயர் லிட்கே. நல்ல பையன், ஷூவில் எதையும் துப்பவில்லை. "உன்ன ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு பந்துக்கும் விரல ரெண்டு தடவ காட்டச் சொன்னியே, ஏன்?"

கண் கொஞ்சம் மந்தம் என்று பொய் சொன்னேன்.

"அட, இத முன்னாடியே சொல்லக்கூடாதா? நாளைலேர்ந்து நகத்துல வெள்ளைச் சாயம் பூசிக்கிறேன். பளிச்சுன்னு தெரியும்." வலது கையை விரித்து என் முகத்துக்கு முன்னால் நீட்டிக் காட்டினான். ஐந்து விரலிலும் பூசிக்கொள்கிறானாம், கட்டை விரலையும் சேர்த்து.

சரி என்றேன்.