பில்லில் இருந்த கம்பி

தென்காசி,
18-7-1958

அன்புள்ள தையல்நாயகிக்கு,

இங்கு நான் சௌக்கியம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு தணிந்ததா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

குற்றாலத்துப் பக்கம் ஒரு பஞ்சாயத்துக் கணக்கைத் தணிக்கை செய்து வருகிறேன். ஓடையில் குளிக்க இறங்கும் பாதையில் இரும்புக் கைப்பிடிக் கம்பி நட்டதாக பில் பாஸாகியிருந்தது. நேரில் பார்க்கப் போனேன். சாரலில் பாறை வழுக்கிற்று. பில்லைப் படித்துவிட்டுப் போன புத்தி, கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். கம்பி இல்லை. கணுக்கால் சற்று வீக்கம்தான், பயப்படாதே.

கூட வந்த குமாஸ்தா சிவசைலம், "போன வருசத்து வெள்ளம் அடிச்சிட்டுப் போயிட்டு, ஐயா" என்றார். பாறையில் கம்பி நட்ட குழிகூட இல்லை. ஆட்சேபணை எழுதிவிட்டேன்.

சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் தைலமும் சுடுசோறும் கொடுத்தனுப்பினார். திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. ஆகவே தைலம் ஒரு புட்டியும் எலுமிச்சை ஊறுகாயும் நீ பார்சலில் அனுப்பு.

தபால் போகிற நேரம், முடிக்கிறேன். கம்பி நட்டபிறகு உன்னை அந்த ஓடைக்கு அழைக்கலாம் என்றிருந்தேன். அதற்கு எத்தனை வருஷமாகுமோ. என் கால் ஆறியதும் வா, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம்.

வைத்தியலிங்கம்